துணைக்குப் போனவள்

அன்புள்ள பாப்பாவுக்கு,

அம்மா எழுதுகிறேன். வீட்டில் எல்லோரும் நலம் என்று ஆரம்பிக்கத்தான் பேனாவை எடுத்தேன். ஆனால் அப்பா முழு நலம், நான் பார்வைக்கு நலம், உன் அத்தை முக்கால் நலம் என்று எழுதினால்தான் அதில் பொய் இருக்காது. நீ எப்படி இருக்கிறாய்? அந்தக் கடைவாய்ப் பல்லை டாக்டரிடம் காட்டினாயா, இல்லை மாத்திரையை விழுங்கிவிட்டு நாளைக்கு நாளைக்கு என்று ஓட்டிக்கொண்டிருக்கிறாயா? உன் அறை ஜன்னல் வழியாகக் குளிர் அடிக்கிறது என்றாயே, அளவு எடுத்து அனுப்பு, கனமான துணியில் இரட்டை மடிப்பு வைத்துத் திரை தைத்து அனுப்புகிறேன். கம்பியின் நீளத்தை எடு, ஜன்னலின் அகலத்தை எடுக்காதே, கடைக்கு வருகிறவர்களில் பாதிப் பேர் அந்தத் தப்பைத்தான் செய்கிறார்கள், பிறகு திரை பத்தவில்லை என்று என்னிடம் சண்டைக்கு வருகிறார்கள். இங்கே மாடித் தண்ணீர்த் தொட்டி மறுபடி ஒழுகுகிறது. அப்பா ஏணி போட்டு ஏறி, இறங்கி, மறுபடி ஏறி, கடைசியில் இது எலக்ட்ரீஷியன் வேலை இல்லை, குழாய்க்காரன் வேலை என்று கண்டுபிடித்திருக்கிறார். கண்டுபிடிக்க அரை நாள்.

போனில் பேசிவிட்டுப் போகாமல் அம்மா ஏன் கடிதம் எழுதுகிறாள் என்று நினைப்பாய். போனை எடுத்தால் அப்பா பாதியில் பிடுங்கிக்கொள்கிறார், மாடியில் அத்தைக்குக் கேட்குமோ என்று நான் குரலை விழுங்குகிறேன். அதெல்லாம்கூடச் சாக்குதான். போனில் சொன்னால் நீ உடனே, பரவாயில்ல விடும்மா என்று ஒரே வார்த்தையில் முடித்துவிடுவாய். அப்படி முடிந்துவிடக் கூடாது. ஆகையால் முழுவதையும் படி, படித்துவிட்டு ஒரு நாளாவது மனதில் வைத்திரு, பிறகு பேசு.

அப்பா என் அட்டையைப் படம் எடுத்து உனக்கு அனுப்பினார் அல்லவா, முதுகில் காற்றுச் சிலிண்டரைக் கட்டிக்கொண்டு கடலுக்குள் இறங்கத் தகுதி பெற்றவள் என்று என் முகத்தோடு அச்சடித்த அந்த ஸ்கூபா அட்டையை. அதைப் பார்த்துவிட்டு நீ சொந்தக்காரர்கள் எல்லோருக்கும், இது எங்க அம்மா, இந்த வயசுல, எனக்கு எவ்வளவு பெருமையா இருக்கு தெரியுமா என்று அனுப்பியிருந்தாய். ஆளாளுக்குப் பூவும் கைதட்டலும் போட்டார்கள். உன் அத்தையும் கைதட்டல் போட்டிருந்தாள். அதைப் பார்த்தேன், பார்த்ததும் போனைத் துணிக்கட்டுக்கு அடியில் வைத்துவிட்டேன். அன்று முழுக்க எடுக்கவில்லை. ஆஸ்பத்திரி ஆர்டருக்கு வெட்ட வேண்டிய திரையை ஒரு சாண் குறைவாக வெட்டினேன். முதலாளியம்மா திட்டவில்லை. நான் அப்படி வெட்டுகிறவள் இல்லை என்பதால், உடம்பு சரியில்லையா என்றுதான் கேட்டாள்.

அந்த ஆசை யாருடையது என்று உனக்குத் தெரியும். கண் ஆஸ்பத்திரியில் நாள் முழுக்கக் காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு, ஒரு நிமிஷம் இருங்க, டாக்டர் எப்ப வருவாருன்னு பாத்துச் சொல்றேன் என்று ஊருக்கெல்லாம் பதில் சொல்லிவிட்டு, சாப்பாட்டு நேரத்தில் கடலடி வீடியோ பார்க்கிறவள் அவள்தான். கல்யாணம் சரிப்படாமல் இந்த வீட்டு மாடி அறைக்கு வந்ததிலிருந்து தனக்கென்று அவள் எதையும் கேட்டதில்லை. நீதான், பாத்துக்கிட்டே இருக்காத அத்தை, போய் இறங்கு என்று அவள் பெயரைப் பதிவு செய்தாய். தனியாகப் போகக் கூச்சப்பட்டாள். அண்ணி, நீங்களும் துணைக்கு வாங்களேன் என்று கேட்டாள். நான் நீந்தத் தெரிந்தவள்தான், ஆனால் தலை நனையாமல் நீந்துகிறவள். அப்பா ஒரு வாரம் சிரித்தார். மழை வந்தா வாசப்படிய விட்டு இறங்க மாட்டா, இவ கடலுக்குள்ள இறங்கப் போறாளாம் என்று கடைக்குக் கடை சொன்னார். நான் போனது துணைக்கு. அதை மறந்துவிடாதே, இந்தக் கடிதம் முழுக்க அதுதான்.

எங்களுக்குச் சொல்லிக்கொடுத்தது ஒரு பெண், எல்லோரும் மாஸ்டர் என்று கூப்பிடுவார்கள். தலைமுடியை ஒட்ட வெட்டியிருப்பாள், தோள் இரண்டும் பீரோ மாதிரி, பேச்சு மட்டும் ரொம்ப மெதுவாக வரும். முதலில் நீச்சல் குளத்தில்தான் பயிற்சி. அந்த ரப்பர் உடையை மாட்டுவதே பெரும்பாடு. சின்ன உறைக்குள் பெரிய தலையணையைத் திணித்த அனுபவம் எனக்குண்டு, ஆனால் தலையணையாக இருந்த அனுபவம் இதுதான் முதல் தடவை. குளத்தில் உன் அத்தை மீன்குஞ்சு மாதிரி பழகிக்கொண்டாள். முகக் கண்ணாடிக்குள் தண்ணீர் விட்டுக்கொண்டு, மூக்கால் ஊதி வெளியேற்ற வேண்டும். அவள் முதல் தடவையே செய்துவிட்டாள். நான் ஒவ்வொரு தடவையும் குடித்தேன். இருமி இருமி மேலே வருவேன், அவள் என் முதுகைத் தட்டி, அண்ணி, மூக்கால இழுக்காதீங்க, ஊதுங்க, அடுப்பு ஊதற மாதிரி என்பாள். எழுத்துத் தேர்வுக்கும் அவள்தான் என்னைத் தயார் செய்தாள். நான் வெங்காயம் நறுக்க, அவள் கை ஜாடைகளைக் காட்டிக் கேள்வி கேட்பாள். கட்டைவிரலைத் தூக்கினால் நம் ஊர் உலகத்தில் சபாஷ், தண்ணீருக்குள் மேலே போ என்று அர்த்தம். ஒருநாள் அப்பா டீயைக் குடித்துவிட்டு நல்லாயிருக்கு என்று கட்டைவிரலைக் காட்ட, நாங்கள் இரண்டு பேரும் ஒரே குரலில், மேல போங்க என்றோம். அவர் நிஜமாகவே மாடிக்குப் போய்விட்டு வந்து, எதுக்குப் போகச் சொன்னீங்க என்று கேட்டார். அவள் தரையில் உட்கார்ந்து சிரித்தாள்.

கடலுக்குள் இருவர் இருவராகத்தான் இறக்குவார்கள். ஒருவருக்கு ஒருவர் துணை. பேச முடியாத இடம் என்பதால் உன் துணை எங்கே இருக்கிறாள், எப்படி இருக்கிறாள் என்று நீதான் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். அவள் ஜாடை காட்டினால் கையில் இருப்பதைப் போட்டுவிட்டுப் போக வேண்டும். மாஸ்டர் முதல் வகுப்பிலேயே சொன்ன பாடம் இது. எனக்கு அது பாடமாகவே படவில்லை, பாப்பா. யாராவது கூப்பிட்டால் கையில் இருப்பதைப் போட்டுவிட்டுப் போவதைத் தவிர நான் வேறு என்ன செய்திருக்கிறேன்? பரீட்சையில் அந்தக் கேள்விக்கு யோசிக்காமல் விடை எழுதினேன்.

கடைசி இறக்கத்துக்குச் சில நாள் முன்னால் உன் அத்தைக்குச் சளி பிடித்திருந்தது. சரியாகிவிட்டது என்று மாஸ்டரிடம் சொன்னாள், எங்களிடமும் அப்படியே சொன்னாள். இதை ஏன் எழுதுகிறேன் என்றால், பிற்பாடு ஆளாளுக்குக் காரணமாகச் சொல்லி என்னைத் தப்பிக்கவைத்தது இந்தச் சளியைத்தான். அன்று காலை கடல் தட்டையாக, இஸ்திரி போட்ட மாதிரி இருந்தது. படகில் எங்களோடு புதிதாகக் கல்யாணமான ஒரு ஜோடி, மாஸ்டர், படகோட்டி. கயிற்றைப் பிடித்துக்கொண்டு மணல் தரைக்கு இறங்கினோம், செய்து காட்ட வேண்டிய பயிற்சிகளை எல்லாம் செய்து முடித்தோம், நானும்கூட ஒரு சொட்டுத் தண்ணீர் குடிக்காமல் செய்தேன். மாஸ்டர் தலையை ஆட்டினாள், அத்தை என் கையைப் பிடித்து அழுத்தினாள். அதற்குப் பிறகு பாறைச் சரிவை ஒட்டி இன்னும் ஆழத்துக்கு, சுற்றிப் பார்ப்பதற்காகப் போனோம்.

அங்கே எப்படி இருந்தது என்று முன்னால் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் நான் செய்தது உனக்குப் புரியாது. புரிய வேண்டும் என்று எதிர்பார்ப்பதே தப்போ என்னவோ. சத்தமே இல்லை, என் மூச்சு மட்டும் கேட்கிறது. உடம்புக்கு எடை இல்லை, என் முட்டி எங்கே இருக்கிறது என்றே தெரியவில்லை, வலித்தால்தானே தெரியும். பாறையில் ஒரு பொந்து. பொந்துக்குள் ஒரு ஆக்டோபஸ், உள்ளங்கையை விடக் கொஞ்சம் பெரியது. அது வீட்டைப் பெருக்கிக்கொண்டிருந்தது. விளையாட்டுக்குச் சொல்லவில்லை. உள்ளே கிடந்த சிப்பி ஓடுகளை ஒவ்வொன்றாகக் கையில் எடுத்து, வாசலுக்கு வெளியே கொண்டுவந்து போட்டது. மணலை ஊதித் தள்ளியது. ஒரு ஓட்டை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்து, வேண்டாம், இது இருக்கட்டும் என்று மறுபடி உள்ளே வைத்துக்கொண்டது. எனக்கு வாயில் குழாயோடு சிரிப்பு வந்தது. அப்புறம் வெளியே இருந்த ஒரு தட்டைக் கல்லை ஒரு கையை நீட்டி இழுக்க ஆரம்பித்தது. கதவை மூடப் போகிறது என்று புரிந்தது.

அப்போதுதான் உன் அத்தையைப் பார்த்தேன். எனக்குக் கொஞ்சம் மேலே, ஒரு பக்கமாக இருந்தாள். உள்ளங்கையை இப்படியும் அப்படியும் ஆட்டினாள். ஏதோ சரியில்லை என்று அர்த்தம். பிறகு காதைத் தொட்டுக் காட்டினாள். இறங்க இறங்கக் காதில் அழுத்தம் ஏறும். மூக்கைப் பிடித்து மெல்ல ஊதினால் டிக் என்று திறந்துகொள்ளும், திறக்காவிட்டால் கொஞ்சம் மேலே வந்து மறுபடி ஊத வேண்டும், வலியோடு கீழே போகவே கூடாது. துணையாக இருப்பவள் கையைப் பிடித்து மேலே கூட்டிக்கொண்டு போக வேண்டும். குளத்தில் எத்தனையோ தடவை செய்து பார்த்ததுதான். பார்த்தேன் பாப்பா. தெளிவாகப் பார்த்தேன், புரியவும் செய்தது. இரு, வருகிறேன் என்றுகூடக் கை காட்டவில்லை. இதை மட்டும் பார்த்துவிட்டுப் போகிறேனே என்று நினைத்துக்கொண்டு பொந்தின் பக்கம் திரும்பிவிட்டேன்.

எவ்வளவு நேரம் என்று கேட்காதே, எனக்கே தெரியாது. கல் பாதி தூரம் வந்திருந்தது. என்னவோ உறுத்தி மறுபடி திரும்பியபோது அவள் அந்த இடத்தில் இல்லை, எனக்குக் கீழே இருந்தாள். வலியில், மிதக்கவைக்கிற மேல்சட்டைக்குக் காற்று விட மறந்து, என்னைக் கூப்பிட்டபடியே அமிழ்ந்துகொண்டிருந்திருக்கிறாள். காதைப் பொத்திக்கொண்டு, தலை ஒரு பக்கம் சாய்ந்து, மேல் எது கீழ் எது என்று தெரியாமல் சுழன்றுகொண்டிருந்தாள். செவிப்பறை கிழிந்து குளிர்ந்த தண்ணீர் உள்ளே போனால் அப்படித்தான் தலை சுற்றுமாம். மாஸ்டர் அந்தப் புது மாப்பிள்ளையின் கண்ணாடிக்குள் தண்ணீர் புகுந்ததைச் சரி செய்துகொண்டிருந்தவள், அம்பு மாதிரி வந்து அவள் உடையைப் பற்றி, முகத்துக்கு நேரே முகம் வைத்து, மெல்ல மெல்ல மேலே கொண்டுபோனாள். எங்களைப் பின்னால் வரச் சொல்லி ஜாடை காட்டினாள். நான் போனேன். ஜாடை காட்டினால் வருகிறவள் அல்லவா நான்.

படகில் அவள் வாந்தி எடுத்தாள், காதிலிருந்து மெல்லிய கோடாக ரத்தம் வந்தது, எதையாவது பிடித்துக்கொள்ள வேண்டும் என்று என் முழங்கையைப் பிடித்துக்கொண்டாள். மாஸ்டர் அவளிடம், ஏன் துணைக்குக் காட்டல என்று கேட்டாள். உன் அத்தை கண்ணை மூடிக்கொண்டே, பயத்துல மறந்துட்டேன் மாஸ்டர், நான்தான் காட்டவே இல்ல என்றாள். எனக்குக் கேட்டது. என் முழங்கையைப் பிடித்துக்கொண்டு சொன்னது எனக்குக் கேட்காமல் இருக்குமா? நான் வாயைத் திறக்கவில்லை. ஆஸ்பத்திரியில் காது டாக்டர், சளியோடு இறங்கினீங்களா, அதான் என்றார். அப்பா, அதான் என்றார். நானும் தலையை ஆட்டினேன். ஓட்டை சின்னது, தானே மூடிக்கொள்ளும், தண்ணீர் படாமல் வைத்துக்கொள்ளுங்கள், மறுபடி கடலில் இறங்குவதை இப்போதைக்கு மறந்துவிடுங்கள் என்று சொல்லி அனுப்பினார். சில நாளில் அட்டை வந்தது. எனக்கு மட்டும், டாக்டர் சம்மதம் இல்லாமல் அவளுக்குத் தர மாட்டார்களாம். மாப்பிள்ளைக்குத் தோழனாகப் போனவன் தாலி கட்டிவிட்டு வந்த கதை தெரியுமா உனக்கு, உன் அம்மா அந்தத் தோழன். அப்பா அட்டையைக் கூடத்தில் அலமாரிக் கண்ணாடிக்குள் எல்லோருக்கும் தெரிகிற மாதிரி வைத்தார். மாடிப்படி ஏற அதைத் தாண்டித்தான் போக வேண்டும்.

நான் என்ன செய்தேன் தெரியுமா, அவளைக் கவனித்துக்கொண்டேன். சூடாக ஏதாவது போட்டு எடுத்துக்கொண்டு மாடிக்கும் கீழுக்கும் நடந்தேன். தலை குளிக்கும்போது காதில் பஞ்சு வைத்துவிட்டேன், தலையணைக்குப் புது உறை தைத்தேன், ஹெட்போன் வலது காதில் வேண்டாம், இடது காதுக்கு மாற்றிக்கொள் என்று நானே வயரை மாற்றிக்கொடுத்தேன். பார்க்கிறவர்கள் எல்லாம் இப்படி ஒரு அண்ணி கிடைக்குமா என்றார்கள். அவளும் வேண்டாம் என்று சொல்லவில்லை, தட்டை வாங்கிக்கொண்டு என்னையே பார்ப்பாள். நான் ஜன்னல் திரையைச் சரி செய்வேன். இதைவிட வெட்கக்கேடு ஒன்று உண்டு, அதையும் எழுதிவிடுகிறேன். இவ்வளவுக்கும் நடுவில் கடையில் ஒரு நீலத் துணியை விரித்துப் போட்டபோது, மறுபடி அங்கே இறங்க வேண்டும் என்று உடம்பு முழுக்க ஆசை வந்தது. அவள் காதில் பஞ்சோடு ஆஸ்பத்திரியில் உட்கார்ந்திருக்க, நான் வெட்டும் மேஜை முன்னால் தனியாகச் சிரித்துக்கொண்டு நின்றேன்.

இந்த நேரத்தில்தான் உன் பெருமை வந்தது. தாங்க முடியவில்லை. மறுநாள் கடைக்கு அரை நாள் விடுப்பு சொல்லிவிட்டு அட்டையை எடுத்துக்கொண்டு மாஸ்டரிடம் போனேன். கொல்லைப்புறத்தில் பெரிய தொட்டியில் ரப்பர் உடைகளை அலசிக்கொண்டிருந்தாள், பக்கத்தில் சிலிண்டருக்குக் காற்று நிரப்பும் இயந்திரம் கடகடவென்று ஓடிக்கொண்டிருந்தது, கத்தித்தான் சொல்ல வேண்டியிருந்தது. அவ காட்டினா மாஸ்டர், நான் பாத்தேன், பாத்துட்டுத் திரும்பிக்கிட்டேன் என்று இரண்டு தடவை கத்தினேன். அவள் போய் இயந்திரத்தை நிறுத்திவிட்டு வந்தாள். அட்டையை நீட்டினேன், வாங்கவில்லை. கையைத் துடைத்துக்கொண்டு, ரெண்டு ஜோடியக் கூட்டிட்டுப் போயி ஒரு ஜோடியையே பாத்துக்கிட்டிருந்தது என் தப்பு, அத நான் சுமந்துக்கறேன், உங்களுது உங்ககிட்டதான் இருக்கும், அட்டையோட சேத்து இங்க குடுத்துட்டுப் போக முடியாது என்றாள். நான் அழுதேன் என்று நினைக்கிறேன். அவள் சமாதானம் சொல்லவில்லை. இனிமே யார்கூட இறங்கினாலும், இறங்கறதுக்கு முன்னாடி இத அவங்ககிட்ட சொல்லிடுங்க, அதுக்கப்புறமும் வர்றவங்க வரட்டும் என்று சொல்லிவிட்டு மறுபடி இயந்திரத்தை ஓடவிட்டாள்.

வீட்டுக்கு வந்து முதலில் அப்பாவிடம் சொன்னேன். பிளக்கைக் கழற்றிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். கேட்டு முடித்ததும் அவர் சொன்னது ஒன்றே ஒன்று, என் தங்கச்சி அவ. இத்தனை வருஷத்தில் அவளை என்னிடம் அவர் அப்படிச் சொன்னதில்லை பாப்பா, நம்ம வீட்டுப் பொண்ணு என்றுதான் சொல்வார். அப்புறம் பிளக்கை மாட்டி முடித்தார்.

மாடிக்குப் போனேன். அவள் கட்டிலில் உட்கார்ந்து ஹெட்போன் வயரின் சிக்கலை எடுத்துக்கொண்டிருந்தாள். பக்கத்தில் உட்கார்ந்து எல்லாவற்றையும் ஒரே மூச்சில் சொன்னேன். சொல்லி முடித்த பிறகுதான், அவளுடைய வலது பக்கம் உட்கார்ந்திருக்கிறேன் என்று உறைத்தது. கேட்காத காதுப் பக்கம். தெரியாமல் உட்கார்ந்தேன் என்று உன்னிடம் சத்தியம் செய்ய முடியவில்லை. அவள் வயரைக் கீழே வைத்தாள். இந்தப் பக்கம் வந்து சொல்லுங்க அண்ணி என்றாள். எழுந்து சுற்றிக்கொண்டு போய் இடது பக்கம் உட்கார்ந்து மறுபடி முதலிலிருந்து சொன்னேன். அந்த இரண்டாவது தடவை ஒரே மூச்சில் வரவில்லை.

எனக்குத் தெரியும் என்றாள். கண்ணாடிக்குள்ள உங்க கண்ண நான் பாத்தேன், நீங்க என்னப் பாத்தீங்க. அப்புறம் ஏன் மாஸ்டரிடம் அப்படிச் சொன்னாய் என்று கேட்டேன். நீங்க சொல்லுவீங்கன்னுதான் என்றாள். படகுல சொல்லுவீங்கன்னு நெனச்சேன், ஆஸ்பத்திரில சொல்லுவீங்கன்னு நெனச்சேன், அப்புறம் தெனமும் தட்ட எடுத்துக்கிட்டு வந்தீங்க, இன்னிக்குச் சொல்லிடுவாங்கன்னு ஒவ்வொரு தடவையும் உங்க மூஞ்சியப் பாத்தேன், நீங்க திரைய இழுத்து விட்டுட்டுப் போனீங்க. குரலை உயர்த்தவே இல்லை, ஆஸ்பத்திரியில் யாருக்கோ பதில் சொல்கிற குரல். அப்படி என்னதான் பாத்துக்கிட்டிருந்தீங்க என்று கேட்டாள். ஆக்டோபஸ் வீடு பெருக்கிய கதையைச் சொன்னேன், கல்லை இழுத்ததைச் சொன்னேன். மூடிச்சா என்றாள். தெரியல, அதுக்குள்ள திரும்பிட்டேன் என்றேன். அவள் முகம் அப்போதுதான் மாறியது. என் காதும் போச்சு, அதையும் நீங்க பாக்கல என்றாள். கீழ போங்க அண்ணி என்றாள்.

அதற்குப் பிறகு என்னிடம் பேசவில்லை. சண்டை இல்லை, கதவை அறைவது இல்லை. சமைத்ததைத் தானே இறங்கி வந்து போட்டுக்கொண்டு மேலே எடுத்துப் போவாள், தட்டைத் தானே கழுவி வைப்பாள். அப்பாவிடம் பேசுவாள், என்னிடம் தலையாட்டல் மட்டும். அலமாரியில் அட்டையைத் திரும்ப வைக்க எனக்கு மனசில்லை, என் கைப்பையில் அளவு நாடாவோடு கிடந்தது. இதற்கிடையில் மாஸ்டர் போன் செய்தாள். ரிட்டையரான ஒரு நர்ஸ் துணை தேடுகிறாளாம், பேசிப் பாருங்கள் என்று நம்பர் கொடுத்தாள். நான் அந்த அம்மாளுக்குப் போன் செய்து வணக்கம் சொன்ன கையோடு நடந்ததையும் சொன்னேன். அவள், நீங்க சொன்னது நல்லதுங்க, ஆனா நான் வேற யாரையாச்சும் பாத்துக்கறேன், தப்பா நெனச்சுக்காதீங்க என்று மரியாதையாக வைத்துவிட்டாள். தப்பாக என்ன நினைப்பது, நானாக இருந்தாலும் அதைத்தான் சொல்லியிருப்பேன்.

போன வாரம் காது டாக்டர் பார்த்தார். ஓட்டை மூடிவிட்டது. கீச்சென்ற மெல்லிய சத்தங்கள் மட்டும் அந்தக் காதில் கொஞ்சம் குறைவாகக் கேட்கும், அது போகப் போகத்தான் தெரியும் என்றார். கடல் பற்றி மறுபடி சோதித்துப் பார்த்துத்தான் சொல்வாராம், இறங்கலாம் என்று சொன்னாலும் சொல்லலாம், சொல்லாமலும் போகலாம். அன்று சாயந்தரம் நான் கூடத்தில் ஆஸ்பத்திரித் திரைக்கு விளிம்பு மடித்துக்கொண்டிருந்தேன், அவள் இறங்கி வந்தாள். அப்பாவிடம் நர்ஸ் கதையைக் கேட்டிருக்கிறாள் போலிருக்கிறது. ஆக, அட்டை இருக்கு, கூட இறங்க ஆளு இல்ல என்றாள். ஆமா என்றேன். சிரித்துவிட்டாள். எனக்குச் சிரிக்கலாமா கூடாதா என்று தெரியாமல் ஊசியைக் கையில் குத்திக்கொண்டேன். டாக்டர் சரின்னு சொன்னா நான் மாஸ்டரோடதான் இறங்குவேன், உங்களோட இல்ல, நீங்க படகுல துண்டோட உக்காந்திருங்க என்றாள். சரி என்றேன். இன்னும் எனக்கு மனசு ஆறல அண்ணி, அதையும் சொல்லிடறேன் என்றாள். சரி என்றேன்.

பிறகு நாற்காலியை இழுத்துப் போட்டு, இடது காது என் பக்கம் வருகிற மாதிரி உட்கார்ந்து, அங்க கீழ எப்படி இருந்துச்சுன்னு சொல்லுங்க என்றாள். அந்தச் சரிவில் அவளுக்கு வலியைத் தவிர வேறு எதுவும் ஞாபகம் இல்லையாம். பெருசா ஒண்ணுமில்ல, தண்ணி கலங்கலாத்தான் இருந்துச்சு, நாலு மீனு, கொஞ்சம் பாறை, வீடியோவுல நீ பாக்கறதுல கால்வாசிகூட இருக்காது என்றேன். அவளுக்கு ஆறுதலாக இருக்கட்டும் என்றுதான் சொன்னேன். மேஜையில் படீரென்று ஒரு அடி அடித்தாள், ஊசிப்பெட்டி துள்ளி விழுந்தது. குறைச்சுச் சொல்லாதீங்க அண்ணி என்றாள். என்ன விட்டுட்டுப் பாத்தீங்க, அது ஒண்ணுமில்லாத விஷயம்னு வேற சொன்னா நான் எங்க போயி முட்டிக்கறது? எப்படி இருந்துச்சோ அப்படியே சொல்லுங்க.

சொன்னேன் பாப்பா. மூச்சுக் குமிழிகள் மேலே போகப் போக உடைந்து உடைந்து பெரிதாவதையும், வெளிச்சம் கம்பி கம்பியாக இறங்கி மணலில் அசைவதையும், பாறையில் ஒட்டியிருந்த பூ மாதிரி ஒன்று நான் கிட்டே போனதும் மூடிக்கொண்டதையும், ஒரு மீன் கூட்டம் முழுக்க ஒரே நேரத்தில் திரும்பியபோது ஜரிகைத் துணியை உதறிய மாதிரி இருந்ததையும், முட்டி இருக்கும் இடமே தெரியாமல் போனதையும் சொன்னேன். சொல்லச் சொல்ல என் குரலில் சந்தோஷம் ஏறியது எனக்கே கேட்டது, அடக்கிக்கொள்ளப் பார்த்தேன், பிறகு அடக்கவில்லை. அவள் கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டிருந்தாள். கன்னத்தில் ஈரம் இறங்கியது. நான் நிறுத்தினேன். கண்ணைத் திறக்காமலே கையை ஆட்டி, மேலே சொல்லுங்க என்று காட்டினாள். இருட்டும்வரை சொன்னேன். அப்பா வந்து விளக்கைப் போட்டுவிட்டு, எங்களைப் பார்த்துவிட்டு, மறுபடி அணைத்துவிட்டுப் போனார்.

இவ்வளவுதான் நடந்தது. மறுநாள் காலையில் அவள் என்னிடம் பேசினாள் என்று நினைக்காதே, இன்னும் தலையாட்டல்தான். எனக்கு அது போதும் என்றும் சொல்ல மாட்டேன். நீ சொந்தக்காரர்களுக்கு அனுப்பியதை அழிக்க வேண்டாம், அழித்தால் அதற்கு ஒரு பொய் சொல்ல வேண்டிவரும். யாராவது உன்னிடம் கேட்டால் நடந்ததைச் சொல், அம்மாவுக்கு அவமானம் என்று பார்க்காதே. அத்தையிடம் பேசும்போது எனக்காகப் பரிந்து பேசாதே, அவள் கோபத்தை அவளிடமே விட்டுவிடு. அவளுக்கு ஒரு கடிதம் எழுது, போன் வேண்டாம், நாள் முழுக்க ஒற்றைக் காதில் போனைக் கேட்டுவிட்டு வருகிறாள். என் மேல் உனக்கும் கோபம் வந்தால் வரட்டும், சளி மாதிரி சரியாகிவிட்டது என்று மட்டும் சொல்லாதே.

வேளைக்குச் சாப்பிடு. பல்லை இந்த வாரமே காட்டிவிடு, காட்டினேன் என்று சும்மா எழுதாதே. ஜன்னல் கம்பி அளவை மறக்காமல் அனுப்பு. உனக்கு வலிக்கிறது என்று நீ கை காட்டினால் உடனே திரும்பிப் பார்க்கிற மனுஷர்கள் உன்னைச் சுற்றி இருக்கட்டும், உனக்கு ஒரு குறையும் வராமல் இருக்கட்டும் என்று தினமும் நினைத்துக்கொள்கிறேன்.

முத்தங்களோடு,
உன் அம்மா